அடைந்த பிறகு எதற்குப் பறப்பது?

பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சோர்வு வரும். கற்கும்போது அது எட்டிக்கூடப் பார்க்காது. கற்று முடித்த பிறகுதான் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தியாவில் தனியார் விமானி உரிமம் வாங்க 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், வானிலையிலும் வழியறிதலிலும் விமான விதிகளிலும் தேர்வு எழுதித் தேற வேண்டும், குறைந்தது 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். இதற்காகச் சேமிப்பைக் கரைத்து, விடியுமுன் எழுந்து, காற்று சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாள்களையும் பொறுத்துக்கொண்டவர்கள், உரிமம் கைக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் பறப்பதையே விட்டுவிடுவதை உலகெங்கும் பயிற்றுநர்கள் பார்த்திருக்கிறார்கள். பணமில்லை, நேரமில்லை என்று காரணம் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் கற்ற காலத்திலும் பணத்துக்கும் நேரத்துக்கும் இதே தட்டுப்பாடுதானே இருந்தது? அப்போது தடுக்காதது இப்போது தடுக்கிறதென்றால் நடுவில் மாறியது வேறு ஏதோ ஒன்று. அடைய வேண்டியது அடையப்பட்டுவிட்டது, மாறியது அவ்வளவுதான். அதனால் இதை மன உறுதி பற்றிய பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. அடைய வேண்டியதை அடைந்தவன் அதன் பிறகும் ஏன் செயல்பட வேண்டும் என்பது நம் சமயங்கள் மிக நீண்ட காலம் மல்லுக்கட்டிய கேள்வி. இந்தச் சோர்வுக்கு விடை தேட அங்கே போவதுதான் சரி.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வி கடவுளைப் பற்றியே எழுப்பப்படுகிறது. பயன் கருதாமல் யாரும் எதையும் செய்வதில்லை. கடவுளோ குறை ஒன்றும் இல்லாதவர், அவர் பெற வேண்டிய பயன் எதுவும் மிச்சமில்லை. அப்படியிருக்க உலகத்தைப் படைக்கும் வேலையில் அவர் ஏன் இறங்கினார் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. அடுத்த சூத்திரம் சொல்லும் விடை, லீலை. இதற்கு உரை எழுதிய சங்கரர் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறார். விருப்பமெல்லாம் நிறைவேறிய ஓர் அரசன் பூங்காவில் விளையாடுகிறான்; அதனால் அவனுக்குக் கிடைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மூச்சு வெளியே போகிறது, உள்ளே வருகிறது. அதுவும் ஒரு பயனைக் குறிவைத்து நடப்பதில்லை. இந்த விடையில் எனக்கு முக்கியமாகப் படுவது, எதிர்த்தரப்பின் அடித்தளத்தையே அது ஏற்க மறுப்பதுதான். குறை இருந்தால்தான் செயல் பிறக்கும் என்று கேட்பவர் வைத்துக்கொண்டிருக்கிறார். நிறைவிலிருந்தும் செயல் பிறக்கலாம் என்கிறது சூத்திரம். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணனும் இதற்குப் பக்கத்தில் வருகிறான்: மூன்று உலகங்களிலும் தான் செய்தே ஆக வேண்டியதோ அடைய வேண்டியதோ ஒன்றுமில்லை, ஆனாலும் செயலில்தான் இருக்கிறேன் என்று அருச்சுனனிடம் சொல்கிறான்.

கடவுளுக்குச் சொன்னதை மனிதனுக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். மனிதச் செயல்களிலேயே இந்த இரண்டு வகையும் இருப்பதை அரிஸ்டாட்டில் காட்டியிருக்கிறார். வீடு கட்டுவது ஒரு வகை. கட்டி முடியும்வரை வீடு இல்லை; முடிந்தபின் கட்டுவது இல்லை. முடிவை நோக்கி நகரும் இத்தகைய செயல், முடிவைத் தொட்டதும் இறந்துவிடுகிறது. பார்ப்பது வேறு வகை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே பார்த்தும் இருக்கிறார். அதன் நிறைவு எதிர்காலத்தில் எங்கோ வைக்கப்படவில்லை. இப்போது விமானப் பயிற்சி எடுப்பவரின் பறப்புக் குறிப்பேட்டை, அவர்கள் வாயில் லாக் புக் என்பதை, எடுத்துக்கொள்வோம். தேதி, விமானத்தின் பதிவெண், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை. பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு வரியும் அந்தக் கூட்டுத்தொகையை 40 நோக்கித் தள்ளும். பன்னிரண்டாவது மணி நேரத்துக்குப் பொருள் தருவது இன்னும் இருபத்தெட்டு பாக்கி என்பதுதான். உரிமம் வந்த மறுநாள் அதே குறிப்பேட்டில் எழுதப்படும் வரி எதையும் நோக்கித் தள்ளுவதில்லை. நாற்பது மணி நேரமாகப் பறப்பதை வீடு கட்டுவதுபோல் பழகியவருக்கு, கட்டி முடிந்த வீட்டின் முன் கையில் கரண்டியோடு நிற்கும் நிலை. பறத்தல் என்பது பார்ப்பதைப் போன்ற செயல், அதை அடைவதற்கான செயலாகக் கற்றதால்தான் அடைந்ததும் அது தீர்ந்துபோனதாகத் தோன்றுகிறது. என் வாதம் முழுவதும் இதுதான்.

இதற்குச் சான்றாக விமானத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஊரைக் காட்ட விரும்புகிறேன். சேலம் மாவட்டத்தில், மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் நிற்க, நடுவே சுவேத நதிக்கரையில் இருக்கிறது தம்மம்பட்டி. ஓமலூர்ப் பக்கம் கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து ஒரு சிறு விமானம் அரைமணி நேரத்துக்குள் இந்த ஊருக்கு மேலே வந்துவிடும். பயிற்சிப் பள்ளிகளுக்கென்று விமான நிலைய ஆணையம் தேர்ந்த நிலையங்களில் சேலமும் ஒன்று என்பதால், தங்கள் உரிமத்தை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் இந்த வானத்திலும் இனி வருவார்கள். கீழே தம்மம்பட்டியில் வாகை, அத்தி, மாவிலங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களில் சாமி உருவங்களும் தசாவதாரமும் யாளிகளும் வாகனங்களும் கதவுச் சிற்பங்களும் செதுக்குகிறார்கள். பிள்ளையார் செய்யத் தெரியுமா என்பது அங்கே ஒரு தேர்ந்த சிற்பிக்கு இளம் வயதிலேயே தீர்ந்துபோன கேள்வி. எத்தனையோ பிள்ளையார்கள் அவர் கையில் பிறந்து போயாகிவிட்டது. அடுத்த பிள்ளையாரால் அவர் எந்தத் தகுதியையும் புதிதாக அடையப் போவதில்லை. ஆனாலும் மரத்துண்டை முன்னால் போட்டதும் அவர் முதலில் பார்ப்பது இழை ஓட்டத்தை. இந்தத் துண்டில் இழை எந்தப் பக்கம் சாய்கிறது, கணு எங்கே ஒளிந்திருக்கிறது, துதிக்கை வளையும் இடத்தில் உளியை மேலிருந்து விடுவதா கீழிருந்து விடுவதா? இழைக்கு எதிராக உளி போனால் ஒரு சில்லு பெயர்ந்து துதிக்கையின் நுனி போய்விடும். பல நூறு செய்த கை இது என்று மரம் சலுகை காட்டுவதில்லை. அந்த ஊர்ச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு உளித் தடத்தையும் பதிப்பதில்லை. விமானியின் உரிமம் ஒரு அங்குலமும் பறப்பதில்லை என்பதைப் போலவே.

சிற்பி செதுக்குவது வயிற்றுப் பாட்டுக்காக, பொழுதுபோக்கு விமானிக்கு அந்த நெருக்கடி இல்லை, இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. கூலி இல்லையென்றால் உளிகள் பல ஓய்ந்துவிடும். அதை மறைத்துக் கலையைப் புகழ்வது உழைப்பவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கூலி விளக்குவது அவர் ஏன் பட்டறைக்கு வருகிறார் என்பதை மட்டும்தான். விலை மாறாது என்று தெரிந்தும், சுவரை ஒட்டி நிற்கப்போகும் உருவத்தின் பின்புற மடிப்பில் ஒருவர் ஏன் நின்று நிதானிக்கிறார் என்பதைக் கூலி விளக்காது. விமானிக்கோ இந்தக் குழப்பத்துக்கே இடமில்லாதபடி சட்டம் வழி செய்திருக்கிறது. தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் கூலிக்கோ வாடகைக்கோ விமானம் ஓட்டக் கூடாது. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும், 200 மணி நேரம் வேண்டும். ஆக, இந்த உரிமத்தின் கீழ் நடக்கும் பறத்தலிலிருந்து ஊதியம் என்ற பலன் விதியாலேயே வெட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் விமான நிறுவன வேலையை நோக்கி வருகிறவர்கள். அவர்களுக்கு இந்த உரிமம் ஒரு படிக்கட்டு. படிக்கட்டிலேயே நின்றுவிட்டவரைப் போல நம் பொழுதுபோக்கு விமானி பார்க்கப்படுகிறார், நாளடைவில் தன்னையும் அப்படியே பார்க்கத் தொடங்குகிறார். பலனை விட்ட செயல் எதுவென்று நூல்களில் தேடுபவர்களுக்கு ஓர் உதாரணம் அவர் கையிலேயே இருப்பது அவருக்கே தெரிவதில்லை.

இப்படிப் பறந்த மனிதர் யாராவது உண்டா என்றால், இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரி 10 அன்று பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பார்க்கலாம். உரிமம் பெற்ற அடுத்த ஆண்டே, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசுக்காக அவர் கிளம்பினார். எதிர்த் திசையில் பறந்து வந்துகொண்டிருந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் அபூகீரில் சிக்கிக்கொண்டிருந்தார். அங்கே இறங்கிய டாட்டா தன்னிடமிருந்த உபரி பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. பின்னாளில் ஆஸ்பி இந்திய விமானப்படையின் தளபதியாகவும் ஆனார். பரிசுக்காக மட்டும் பறந்தவர் அன்று அபூகீரில் அந்தப் பிளக்குகளைக் கொடுத்திருக்க மாட்டார். 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் புஸ் மாத் விமானத்தில் வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் பிறப்பு அதுதான். அந்தப் பயணத்தை 1962இல் டாட்டா மீண்டும் பறந்து காட்டினார். 1982இல், 78 வயதில், லெப்பர்ட் மாத் என்ற பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாக மூன்றாம் முறை அதே வழியில் வந்தார். 1978லேயே ஏர் இந்தியாவின் தலைவர் பதவி அவரைவிட்டுப் போயிருந்தது. நிரூபிக்க ஒன்றுமில்லை, சம்பாதிக்க ஒன்றுமில்லை, திறக்க வேண்டிய வழித்தடமும் இல்லை. முதல் உரிமத்துக்குப் பிறகு 53 ஆண்டுகள். சங்கரர் சொன்ன அரசனை மனித வடிவில் இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

சோர்ந்த விமானிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து புதிய இலக்கு. இரவில் பறக்கும் தகுதி, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி, வானில் கரணம் போடும் வித்தை என்று அடுத்தடுத்து ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அமெரிக்க விமானிகளிடம் நூறு டாலர் ஹாம்பர்கர் என்றொரு பேச்சு உண்டு. பக்கத்து ஊர் விமான நிலையத்தில் ஒரு ரொட்டித் துண்டு சாப்பிட்டு வருவதற்காகப் பறப்பது. பெட்ரோல் செலவையும் சேர்த்தால் அந்த ரொட்டியின் விலை அது. புதிய தகுதிகளால் பாதுகாப்பு கூடும், கை தேறும். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் சோர்வுக்கு மருந்தாக அவை போதாது. வீடு கட்டி முடித்து வெறுமையாக நிற்பவரிடம் இன்னொரு வீடு கட்டு என்று சொல்வதால் வெறுமை தள்ளிப்போகும், தீராது. விருப்பம் நிறைவேறாத வேதனைக்கும் நிறைவேறிய சலிப்புக்கும் நடுவே வாழ்க்கை ஊசலாடுகிறது என்று ஷோப்பன்ஹவர் சொன்னது இத்தகைய செயல்களுக்கு அச்சாகப் பொருந்தும். நம் புராணத்தில் உலகைச் சுற்றிப் பறந்தவன் முருகன். பறந்தது ஒரு பழத்துக்காக. திரும்பி வந்தபோது பழம் அண்ணன் கையில் இருந்தது, தம்பி கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனான். கோபத்தையும் பழனியையும் விரித்துச் சொல்பவர்கள், மயில் மேலிருந்து அவன் பார்த்த மலைகளையும் கடல்களையும் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பழமே குறியாக இருந்த பயணத்தில் சொல்ல வேறொன்றும் மிஞ்சவில்லை போலும். ஹாம்பர்கர் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அது இலக்கே இல்லை, சாக்கு. சாக்கு என்று தெரிந்தே பறப்பவர்கள் என் கட்சிக்காரர்கள்.

இலக்கைத் தூக்கிப்போட்டால் அலட்சியம் வந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பார்கள். விமானத்தில் அலட்சியம் உயிரை வாங்கும். ஆனால் அலட்சியம் வருவது கவனம் வேறெங்கோ இருக்கும்போதுதான், செயலிலேயே இருக்கும்போது அல்ல. கிளம்புவதற்கு முன் விமானி இறக்கையின் அடியில் குனிந்து, எரிபொருள் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிபோன்ற குழாயில் வடித்துப் பிடிக்கிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். விமானப் பெட்ரோலுக்கு இளநீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமானதால் நிறமில்லாத குமிழாக அடியில் தங்கும். பிறகு முன்விசிறியின் வெட்டும் விளிம்பில் விரலை ஓட்டிக் கீறல் இருக்கிறதா என்று தடவுகிறார். ஆயிரம் முறை செய்த சோதனை என்பதால் ஆயிரத்தோராவது முறை தண்ணீர் வராமல் இருந்துவிடாது. வானத்துக்குப் போவதற்கான தொந்தரவாக இதை நினைப்பவர் ஒரு நாள் அவசரப்படுவார். பறத்தலின் பகுதியே இது என்று செய்பவருக்கு அவசரப்படக் காரணம் இல்லை. சிற்பி இழை பார்ப்பதும் இப்படித்தான். விதிகளும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் விமானி உரிமம் காலாவதியாவதில்லை. ஆனால் கடந்த 90 நாள்களில் மூன்று முறை கிளம்பி மூன்று முறை இறங்கியிருந்தால்தான் பயணியை ஏற்றிக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநர் ஒருவருடன் பறந்து காட்ட வேண்டும். விமானி என்பது ஒருவர் வைத்திருக்கும் சொத்து இல்லை, அவர் செய்துகொண்டிருக்கும் வரை மட்டும் உண்மையாக இருப்பது என்று அந்த விதி ஒப்புக்கொள்கிறது. அந்த மூன்று முறையும் ஓடுபாதையிலிருந்து எழும்பி, நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே இறங்குவதுதான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடந்து புறப்பட்ட கோபுரத்துக்கே திரும்பி வருபவரிடம், எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று நாம் கேட்பதில்லையே.

இவ்வளவும் சொன்ன பிறகு, லீலை என்ற விடை எனக்கு முழுதாகப் போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டு என்று விட்டுவிட்டால், அலுத்தால் நிறுத்திவிடலாம் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. சைவ சித்தாந்தம் இங்கே ஓர் அடி மேலே போகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனின் தொழிலை விளையாட்டு என்று சொல்வதை எடுத்துக்காட்டிவிட்டு, உயிர்களின் அழுக்கைத் துடைத்து முத்தி தரும் அருளே அதன் காரணம் என்பதையும் சேர்த்துவைக்கிறார். நிறைவிலிருந்து பிறக்கும் செயலுக்கு அன்பு என்ற உள்ளீடு வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சேக்கிழார் சொல்லும் காரைக்கால் அம்மையார் வரலாற்றில் இது கண் முன்னே நிற்கிறது. தலையால் நடந்து கயிலை ஏறிய அம்மையாரை இறைவன் அம்மையே என்று அழைக்கிறான். அடைய வேண்டியதில் இதற்கு மேல் ஒன்றில்லை. அந்த இடத்தில் நின்று அவர் கேட்டது இறவாத அன்பு, பிறவாமை, பிறந்தே தீர வேண்டுமானால் மறவாமை, அவன் ஆடும்போது அடியின் கீழ் இருந்து பாட வேண்டும் என்பது. போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை, பாடுவதற்காகத் திருவாலங்காட்டுக்கு வந்தார். பாடல் அவருக்குக் கயிலைக்குப் போகும் வழியாக மட்டும் இருந்திருந்தால் கயிலையோடு முடிந்திருக்கும். அடியார் கூட்டத்தைப் போற்றும் இடத்தில் சேக்கிழார், அன்போடு கும்பிடுவதைத் தவிர வீடுபேறும் வேண்டாதவர்கள் என்றே அவர்களுக்கு இலக்கணம் சொல்கிறார். பறத்தலை வழிபாட்டுக்கு நிகராக்க நான் முயலவில்லை. அடைந்த பிறகும் ஒரு செயல் எப்படி உயிரோடிருக்கும் என்பதற்கு இவ்வளவு தீர்க்கமான விடை வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கோபப்படலாம். சுவேத நதியில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்திருக்கும் விவசாயிகளின் தலைக்கு மேலே, ஒரு மணி நேரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் எரித்துச் சுற்றுவதைப் பக்தியோடும் வேதாந்தத்தோடும் பேசுவது வசதி படைத்தவர்களின் ஆடம்பரத்துக்கு விபூதி பூசுவதாகாதா? இந்த ஆட்சேபத்தை நான் லேசாகத் தள்ளத் தயாராக இல்லை. பணமும் பெட்ரோலும் எரிகின்றன, புகை எல்லோருடைய காற்றிலும் கலக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்சேபம் உரிமம் வாங்கிவிட்டு விட்டுவிடுபவர் மேல்தான் இன்னும் கனமாக விழுகிறது. அவ்வளவு எரிபொருளும் பணமும் பயிற்றுநரின் உழைப்பும் சட்டகம் போட்டு மாட்டிய ஒரு தாளில் போய் முடிந்துவிட்டன. எண்ணிக்கைக்காகப் பறக்காதவருக்குக் குறைவாகப் பறப்பது இழப்பில்லை. மாதத்தில் ஒரு மணி நேரம் முழு மனதோடு போதும். அருணந்தியார் சேர்த்துவைத்த அருள் இங்கே நடைமுறையாக வேண்டும்: காலி இருக்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்றை, கூலி வாங்காமல், சட்டம் அனுமதிக்கும் அளவில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையை மேலிருந்து காட்டும் விமானியிடம் இந்தக் கோபத்துக்குப் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதிக்கு விடை இல்லை என்பதை ஒப்புக்கொண்டே அவர் பறக்க வேண்டியிருக்கும்.

கடைசி ஆட்சேபம் திருமூலருடையது. அதனால் எல்லாவற்றிலும் கடுமையானது. ஈசனிடத்தில் வைத்த ஆசையானாலும் அறுத்துவிடச் சொன்னவர் அவர். பறக்கும் ஆசை தானாகவே அற்றுப்போகிறதென்றால் அது நல்லதுதானே, ஏன் அதை ஊதி ஊதி மறுபடி எரியவிட வேண்டும் என்று அந்த வழி வந்தவர் கேட்பார். ஆசை அறுவது வேறு, ஆசை அலுப்பது வேறு என்பதே என் பதில். அறுந்தவருக்கு விமானம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. அலுத்தவரோ உரிமத்தை அலமாரியில் வைத்துவிட்டு மறுவாரமே படகுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ விலை விசாரிக்கிறார். ஆசை ஒரு இம்மியும் குறையவில்லை, பொருளைத்தான் மாற்றிக்கொண்டது. உண்மையிலேயே அறுந்து நிறுத்தியவர் ஒருவர் இருந்தால் அவரிடம் நான் வாதாட மாட்டேன், பறக்கச் சொல்லவும் மாட்டேன். மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன் ஒரு முறையாவது, எந்தத் தகுதிக்கும் சேராத, எந்த ஊருக்கும் போகாத ஒரு மணி நேரத்தைப் பறந்து பார்க்கட்டும். கற்ற காலத்தில் எண்ணிக்கை நடுவில் நின்றதால், அப்படி ஒரு மணி நேரம் அவர்களுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.